வருகிறது, வருமாம், வந்தது

2025 அக்டோபர் 13-ஆம் தேதி வந்த ஒரு செய்தி பலருக்கும் நினைவிருக்கும். ஃபாக்ஸ்கான் நிறுவனம் தமிழ்நாட்டில் 15,000 கோடி ரூபாய் முதலீடு செய்கிறது, 14,000 பேருக்கு வேலை என்று தொழில் துறை அமைச்சர் டி.ஆர்.பி. ராஜா அறிவித்தார். அன்று மாலை முழுக்க டி.வி.யில் கீழே ஓடுகிற வரியில் இதுதான் ஓடியது. மறுநாளே, முதல்வருடன் நடந்த சந்திப்பில் புது முதலீடு எதுவும் பேசப்படவில்லை என்று நிறுவனத்தின் தரப்பில் சொன்னதாக இன்னொரு செய்தி. அமைச்சர் அதற்கு, இது ஓராண்டாகப் பேசி முடிவான முதலீடு என்று விளக்கம் கொடுத்தார். எதிர்க்கட்சி ஒரு பக்கம், ஆளுங்கட்சி ஒரு பக்கம் என்று சில நாள் சண்டை நடந்தது. தீபாவளி வந்ததும் எல்லாரும் வெடி வாங்கப் போய்விட்டார்கள்.

யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அது அவர்கள் பாடு. என் கேள்வி நடுவில் இருந்தவர்களைப் பற்றியது. 13-ஆம் தேதி நான் பார்த்த செய்திகள் எதிலும் நிறுவனத்தின் வாயிலிருந்து வந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று பிள்ளை வீட்டார் மட்டும் வந்து சொன்னால் நாம் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடுவோமா? பெண் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்போமா இல்லையா? அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமலே செய்திப் பத்திரிகை அடிக்கிறார்கள் என்பதுதான் என் குறை.

நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் மெஸ்யே, அதாவது வாத்தியார், பழைய பிரெஞ்சு செய்தித்தாள்களைக் கொண்டுவந்து இலக்கணம் நடத்துவார். பிரெஞ்சு மொழியில் ‘கோந்திசியோனெல்’ என்று ஒரு வினை வடிவம் உண்டு. உறுதியாகாத விஷயத்தைச் செய்தித்தாளில் எழுதும்போது அந்த வடிவத்தில்தான் எழுதுவார்கள். ஒரு கம்பெனி முதலீடு செய்கிறது என்பதற்கு ‘அன்வெஸ்தி’. முதலீடு செய்வதாகச் சொல்கிறார்கள், நாங்கள் சரிபார்க்கவில்லை என்பதற்கு ‘அன்வெஸ்திரே’. கடைசியில் ஒரு சின்ன அசைதான் வித்தியாசம். அந்த அசையைப் பார்த்ததும் படிப்பவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வான்.

நம் தமிழுக்கு இந்த வசதி இல்லையா என்றால், அதைவிட நல்ல வசதி இருக்கிறது. ‘ஆம்’ என்று ஒன்றைச் சேர்த்தால் போதும். வருகிறதாம், வருமாம், கொடுப்பார்களாம். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற கிழவி கூட, தான் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் இந்த ‘ஆம்’ போட்டுப் பிரித்துச் சொல்லுவாள். நம் பத்திரிகைகள் அதை வம்புப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டன. அதற்குப் பதில் ‘என்று கூறப்படுகிறது’ என்று ஒரு வால் வைத்திருக்கிறார்கள். அதுவும் செய்தியின் கடைசிப் பத்தியில்தான் வரும், தலைப்பில் வராது. தலைப்பில் ‘14,000 பேருக்கு வேலை’ என்று வினையே இல்லாமல் போட்டுவிடுவார்கள். வினை இல்லாத வாக்கியத்துக்குக் காலம் கிடையாது. கிடைத்ததா, கிடைக்கிறதா, கிடைக்குமா என்பது படிப்பவன் தலையெழுத்து.

‘தொழிற்சாலை வருகிறது’ என்பதும் அப்படித்தான். ‘நாளைக்கு மாமா வருகிறார்’ என்றும் நாம் சொல்வதால், இலக்கணப்படி அது பொய் ஆகாது. ஆனால் மாமா பஸ் ஏறிவிட்டாரா, டிக்கெட் எடுத்தாரா, வரலாம் என்று யோசிக்கிறாரா என்பது தெரிய வேண்டாமா? உலை வைப்பதற்கு முன்னால் அதைத்தானே கேட்கிறோம்?

இதில் என்ன பெரிய நஷ்டம், ஒரு தலைப்புதானே என்று கேட்கலாம். நஷ்டம் யாருக்கு என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு நெசவாளர். கோர்வைச் சேலை நெய்கிறவர். கோர்வை நெய்ய ஒரு ஆள் போதாது. கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் ஓட்டிப் பிணைக்க, பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அவருக்கு அந்தக் கை அவர் மகன். பதினைந்து வருடத்துக்கு முன்னால், அவர் மனைவியின் ஊர்ப் பக்கம் தொழிற்பூங்கா வருகிறது என்று பெரிய எழுத்தில் செய்தி வந்தது. எத்தனை ஏக்கர், எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று விவரமாகவே போட்டிருந்தார்கள். அந்த ஊரில் மனைவி வழியில் வந்த கொஞ்சம் நிலம் இருந்தது. கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று கடன் வாங்கி, ஒரு தறியை விற்று, அங்கே ஆறு அறை வைத்து லைன் வீடு கட்டினார். மகனும் தறியை விட்டுவிட்டு வேலை வருமென்று காத்திருந்தான். பூங்கா இன்றுவரை வரவில்லை. அந்த அறைகளில் மழைக்கு ஆடு கட்டுகிறார்கள். மகன் இப்போது தினமும் ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனிக்கு காண்டிராக்ட் வேலைக்கு வேனில் போய் வருகிறான். அப்பா கோர்வையை விட்டுச் சாதாரணச் சேலைக்கு மாறிவிட்டார்.

அந்தச் செய்தி பொய் என்று யாரும் வழக்குப் போட முடியாது. அன்று அப்படி ஓர் உத்தேசம் இருந்திருக்கும். உத்தேசத்தை உத்தேசம் என்று எழுதியிருந்தால் அந்த மனிதர் தறியை விற்றிருக்கமாட்டார். பெரிய முதலீட்டாளருக்குச் செய்தியைச் சோதிக்க ஆள் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். நம் ஊர்க்காரனுக்குக் காலைப் பேப்பர்தான் ஆலோசகர். அவன் அதைப் படித்துவிட்டு நிலத்தை விற்கிறான், வாங்குகிறான், பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அலுவலகத்தில் 34 ஆண்டு எழுத்தராகக் குப்பை கொட்டியவனுக்குக் கணக்கைப் பார்க்காமல் தூக்கம் வராது. தமிழ்நாட்டில் உலக முதலீட்டாளர் மாநாடு மூன்று நடந்திருக்கிறது. 2015 செப்டம்பரில் 98 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 2,42,160 கோடி. 2019 ஜனவரியில் 304 ஒப்பந்தங்கள், 3,00,431 கோடி. 2024 ஜனவரியில் 631 ஒப்பந்தங்கள், 6,64,180 கோடி. நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 27 லட்சம் வேலை என்று அறிவிப்பு. மூன்றையும் கூட்டினால் 12 லட்சம் கோடியைத் தாண்டுகிறது. முதல் இரண்டும் ஒரு கட்சி ஆட்சியில், மூன்றாவது இன்னொரு கட்சி ஆட்சியில். அதனால் இது கட்சி விஷயம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது இரண்டு பேரும் வெள்ளை அறிக்கை கேட்பார்கள். ஆளுங்கட்சி ஆனதும் இரண்டு பேருக்கும் அந்தச் சொல் மறந்துபோகும்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது கிரயப் பத்திரம் அல்ல. அட்வான்ஸ் கொடுத்து எழுதிய அக்ரிமெண்ட் கூட அல்ல. வீடு பார்க்க வந்தவர் ‘பிடித்திருக்கிறது, யோசிக்கிறோம்’ என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனதற்குச் சமம். அதை வைத்துக்கொண்டு யாராவது ‘வீடு விற்றாயிற்று’ என்று தெருவில் சொல்வார்களா? ஆனால் மாநாடு முடிந்த மறுநாள் ‘முதலீடு குவிந்தது’ என்று இறந்த காலத்தில் தலைப்பு வருகிறது. குவிந்தது பணம் அல்ல, கையெழுத்து.

அத்தி வரதர் 1979-ல் எழுந்தருளினார். அடுத்து 40 ஆண்டு கழித்து என்றார்கள். சொன்னபடி 2019-ல் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் தரிசனம் கொடுத்தார். அவருக்கு ஒரு கணக்கு உண்டு, அதை வைத்து ஊர் தன் காரியத்தைத் திட்டமிட முடிந்தது. பேப்பரில் எழுந்தருளும் கம்பெனிகளுக்கும் அப்படி ஒரு வருடக் கணக்கைக் கேட்டு எழுதினால் புண்ணியமாகப் போகும்.

வந்த கம்பெனிகளே இல்லையா என்றால், நிறைய வந்தன. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹூண்டாய் 1996-ல் வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. இன்றுவரை ஓடுகிறது. பிரெஞ்சுக் கம்பெனியான சேன் கொபேன் 2000-த்தில் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி ஆலை திறந்தது. (நம் ஊரில் ‘செயின்ட் கோபைன்’ என்பார்கள். நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.) இவற்றால் நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பம் நிமிர்ந்திருக்கிறது. காலையில் ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கும் சந்தோஷம்தான். தறிக்குழியிலேயே காலைத் தொங்கப் போட்டு ஆயுள் முழுக்க முதலாளிக்குக் கடன்பட்டுக் கிட என்று யாருக்கும் நான் உபதேசம் செய்யமாட்டேன்.

ஆனால் வந்ததைப் பற்றியும் முழுதாக எழுதுவதில்லை. நோக்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் ஒப்பந்தம், 2006 ஜனவரியில் உற்பத்தி. நல்ல காலத்தில் ஆலைக்குள் மட்டும் 8,000 பேர். சுற்றியிருந்த உதிரிபாக ஆலைகளையும் சேர்த்தால் இன்னும் பல ஆயிரம். ஊரெல்லாம் அதே பேச்சு. அரசு அந்தக் கம்பெனிக்கு வரியைத் திருப்பிக் கொடுப்பது உள்பட என்னென்ன சலுகை கொடுத்தது என்பது, சில ஆராய்ச்சியாளர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் பொதுவெளிக்கு வந்தது. 2013-ல் வருமான வரிப் பிரச்சினை. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கிய இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டு வாங்கியது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. எட்டு வருடம் பத்து மாதம்! அங்கே இருபது வயதில் சேர்ந்த பெண், முப்பது ஆவதற்குள் வேலை போய் வெளியே நின்றாள்.

மூடியதைப் பத்திரிகைகள் எழுதவில்லை என்று நான் சொல்லவில்லை. எழுதின. என் குறை வேறு. 2006-ல் ‘எத்தனை வருடத்துக்கு இந்த ஒப்பந்தம்? இடையில் போனால் தொழிலாளிக்கு என்ன உத்தரவாதம்? அரசு கொடுப்பது எவ்வளவு, பெறுவது எவ்வளவு?’ என்ற கேள்விகளைத் தொடர்ந்து கேட்டு எழுதியிருந்தால், 2014-ல் அத்தனை பேர் கைபிசைந்து நிற்கும் நிலை கொஞ்சமாவது குறைந்திருக்கும். மாப்பிள்ளையைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்னால் விசாரிக்க வேண்டும், விவாகரத்தின்போது அல்ல.

ஏன் இப்படி நடக்கிறது? யாரோ உட்கார்ந்து சதி செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. சின்னச் சின்னக் காரணங்கள்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பகுதிநேர நிருபர் இருந்தார். எந்தப் பேப்பர் என்பது வேண்டாம். டீக்கடையில் அடிக்கடி சந்திப்போம். அவருக்குச் செய்திக்குக் கிடைக்கும் காசு பெட்ரோலுக்கே காணாது. ஆனால் விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் உண்டு. யாரிடம் விளம்பரம் கேட்க வேண்டுமோ அவர்களைப் பற்றித்தான் அவர் செய்தியும் எழுத வேண்டும். பட்டுக்கடை, பள்ளிக்கூடம், மனைப்பிரிவு போடுகிறவர், கம்பெனி என்று எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. “சார், பொங்கல் மலருக்கு விளம்பரம் கொடுத்தவரைப் பற்றி மாசியில் எப்படி சார் எதிர்த்து எழுதுவேன்?” என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அரசும் பெரிய விளம்பரதாரர்தான். டெண்டர் விளம்பரம், திறப்பு விழா விளம்பரம், சாதனை மலர் என்று பக்கம் பக்கமாக வருகிறது. பிறகு பிரஸ் நோட். கம்பெனியும் அரசும் தட்டச்சு செய்து, படத்தோடு, தலைப்போடு அனுப்பிவிடுகின்றன. அவசரத்தில் இருக்கும் ஆசிரியர் குழு அதை அப்படியே ஏற்றிவிடுகிறது. மூன்று பேப்பரை ஒப்பிட்டுப் பாருங்கள். சில நாள் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப் பிழையோடு மூன்றிலும் இருக்கும்.

நம் பங்கும் கொஞ்சம் உண்டு. பேப்பரை நாம் ஒரு டீயின் விலைக்கும் குறைவாக வாங்குகிறோம். அந்தக் காசில் அச்சுக் காகிதமே வராது. மீதியை விளம்பரம் கொடுப்பவர் கட்டுகிறார். பிரான்சில் ‘ல கனார் அன்ஷெனே’ என்று ஒரு வாரப் பத்திரிகை 1915-லிருந்து வருகிறது. விளம்பரமே வாங்குவதில்லை, வாசகர் கொடுக்கும் விலையில் நடக்கிறது. அது மந்திரிகளையே தூக்கமில்லாமல் செய்யும் பத்திரிகை. நமக்கு அப்படி ஒன்று வேண்டுமென்றால் அதற்கு உண்டான விலையைக் கொடுக்கவும் மனசு வேண்டும்.

சார்பு இருப்பதே தவறு என்றும் சொல்லமாட்டேன். 1942-ல் அண்ணா ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கிய ஊர் இது. அதன் சார்பு என்ன என்பதில் யாருக்கும் மயக்கம் இருந்ததில்லை. அதை ஏற்றவரும் எதிர்த்தவரும் தெரிந்தேதான் வாங்கினார்கள். இப்போதைய தொந்தரவு, விளம்பரம் செய்திச் சட்டை போட்டுக்கொண்டு வருவது.

பிரான்சில் 1986 ஆகஸ்ட் 1-ஆம் தேதிய பத்திரிகைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, செய்தி வடிவில் எழுதப்பட்ட விளம்பரத்தின் தலையில் ‘விளம்பரம்’ அல்லது ‘கொம்முனிக்கே’ என்று போட்டே ஆக வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை, விளம்பரம் செய்தியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும் என்கிறது. 2005-ஐ ஒட்டி ஒரு பெரிய பத்திரிகைக் குழுமம், கம்பெனிகளிடம் பணத்துக்குப் பதில் பங்குகளை வாங்கிக்கொண்டு விளம்பரம் போடும் முறையைக் கொண்டுவந்தது. தன்னிடம் பங்கு உள்ள கம்பெனியைப் பற்றி அந்தப் பத்திரிகை எப்படி நடுநிலையாக எழுதும் என்ற கேள்வி எழுந்தது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தலையிட்டு, 2010-ல் அத்தகைய பங்கு இருந்தால் செய்தியிலேயே சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஆக, விதி இருக்கிறது. நாம் படிக்கும் சப்ளிமெண்டில் ‘விளம்பரம்’ என்ற சொல் எந்த மூலையில், எத்தனை சின்ன எழுத்தில் இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நம் வயதில் எப்படியும் பூதக்கண்ணாடி தேவைப்படும்.

சின்ன எழுத்து என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். உண்மையான தொழில் செய்தி பேப்பரில் வராமல் இல்லை, வருகிறது. உள்பக்கத்தில், எறும்பு வரிசை மாதிரி, சர்வே எண்களோடு வரும் நோட்டீஸ்கள்தான் அவை. எந்த ஊரில், எந்தப் புல எண்ணில், எத்தனை ஏர்ஸ், யார் பெயரில், என்ன காரணத்துக்கு எடுக்கப்படுகிறது என்று அதில் இருக்கும். சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னால் தேசிய நாளிதழில் ஒன்றும், தமிழ் நாளிதழில் ஒன்றுமாக விளம்பரம் வர வேண்டும். சட்டத்துக்குப் பயந்து போடுகிற இந்த எழுத்தில் ‘குவிந்தது’ என்ற சொல் இருக்காது.

சட்டத்தைப் பற்றியே எவ்வளவு எழுதினார்கள்? 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த நில எடுப்புச் சட்டத்தில், தனியார் திட்டமென்றால் நிலம் பாதிக்கப்படுகிறவர்களில் 80 சதவீதம் பேர் சம்மதம், சமூகத் தாக்க மதிப்பீடு என்றெல்லாம் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் சிப்காட் போன்றவற்றுக்கு நிலம் எடுப்பது 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்கீழ். அதற்கு மேற்படி நிபந்தனைகளிலிருந்து மாநில அரசு விலக்கு வாங்கிவைத்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. நம் மாவட்டத்தில் ஒரு காணி நிலம் வைத்திருப்பவனுக்கும் இது தலைபோகிற விஷயம். உங்கள் தெருவில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கிறது என்று. கம்பெனியின் பெயரும் கோடிக் கணக்கும் பத்துப் பேருக்கும் தெரிந்திருக்கும்.

பரந்தூர் விமான நிலையம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 13 கிராமங்கள். ஏகனாபுரத்தில் அன்று மாலை நேரத்தில் கூட ஆரம்பித்தவர்கள் வருடக்கணக்காகக் கூடினார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களிக்கவே போகவில்லை. வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கும் என் சம்பந்திக்குமே ஒத்துப்போகாது. ஆனால் பாலாற்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அந்த வழியில்தான் இருக்கிறது, வயலும் ஏரியும் அதை நம்பி இருக்கின்றன என்பதை ஓடுபாதையின் வண்ணப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வரைபடமாகப் போட்டிருக்கலாமே? வண்ணப் படம் பத்து முறை வந்தது. நான் வாங்கும் பேப்பரில் கால்வாய் வரைபடத்தை நான் பார்த்ததில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 டிசம்பர் சாட்சி. ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று மற்ற பெண்களுக்குச் சரியான தகவல் இல்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. ஆயிரக்கணக்கான பெண்கள் 17-ஆம் தேதி இரவிலிருந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மாவட்ட ஆட்சியர் வந்து, இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்களை வீடியோ காலில் காட்டி, உயிரோடு இருக்கிறார்கள் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிறகு ஆப்பிள் கம்பெனியே ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

வதந்தி பரப்பியவர்களைத் திட்டினோம், சரி. அந்த விடுதிகளில் ஓர் அறைக்கு எத்தனை பேர், சாப்பாடு எப்படி என்று அதற்கு முந்தைய ஆண்டுகளில் நம் பத்திரிகைகள் உள்ளே போய்ப் பார்த்து எழுதியிருந்தால், அந்தப் பெண்கள் பேப்பரை நம்பியிருப்பார்கள். நல்லதை மட்டுமே எழுதுகிற வாயை, கெட்ட நேரத்தில் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கல்யாணமான பெண்களை அதே ஆலையில் வேலைக்கு எடுப்பதில்லை என்ற குற்றச்சாட்டு 2024 ஜூனில் வந்தபோதும், அதை விசாரித்து எழுதியது ராய்ட்டர்ஸ். நம் கொல்லைப்புறத்து விஷயத்தை வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம். 37 நாள் நடந்தது. தொழிலாளிகள் கேட்டது சம்பள உயர்வு, தாங்கள் அமைத்த சங்கத்துக்கு அங்கீகாரம். டி.வி. விவாதங்களில் நான் அதிகம் கேட்ட சொல் ‘முதலீட்டாளர் நம்பிக்கை’. அந்த நம்பிக்கையும் வேண்டியதுதான். ஆனால் ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டை எடுத்து வைத்து, இதில் வாடகை இவ்வளவு, மளிகை இவ்வளவு, மீதி இவ்வளவு என்று காட்டிய விவாதத்தை நான் பார்க்கவில்லை. சங்கம் கடைசியில் 2025 ஜனவரி 27-ல் பதிவானது. கம்பெனி ஓடிப்போய்விடவும் இல்லை.

சரி, குறை சொல்லியாயிற்று. என்ன செய்யலாம்?

அரசு அலுவலகத்தில் எழுத்தருக்குத் ‘தன்பதிவேடு’ என்று ஒன்று உண்டு. வந்த ஒவ்வொரு தபாலுக்கும் அதில் எண் போட்டுப் பதிய வேண்டும். என்ன நடவடிக்கை, யாருக்கு நினைவூட்டு அனுப்பினோம், எந்தத் தேதியில் முடிந்தது என்று வரிசையாக எழுத வேண்டும். முடியாத கோப்பு மாதாமாதம் நிலுவைப் பட்டியலில் வந்து நிற்கும், மேலதிகாரி கேட்பார். எங்கள் வேலையில் எத்தனையோ ஓட்டை உண்டு. ஆனால் கோப்பு காணாமல் போனால் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பத்திரிகையும் தன் மாவட்டத்துக்கு ஒரு தன்பதிவேடு வைக்கட்டும். இன்ன தேதியில், இன்ன கம்பெனி, இத்தனை கோடி, இத்தனை வேலை என்று சொன்னது. ஓராண்டு கழித்து: நிலம் கொடுத்தாயிற்றா, கட்டடம் எழும்பியதா, எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் நிரந்தரம் எத்தனை, காண்டிராக்ட் எத்தனை, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை, அரசு கொடுத்த சலுகை எவ்வளவு. வருடத்துக்கு ஒரு பக்கம் போதும். பொங்கல் மலரிலேயே போடட்டும். நடந்தவை அதிகமாக இருந்தால் அரசுக்குத்தானே பெருமை? உண்மையாகவே ஆலை கட்டி வேலை கொடுத்த கம்பெனிக்கும் அதில்தான் மரியாதை. இப்போது கட்டியவனுக்கும் கட்டாதவனுக்கும் ஒரே அளவு தலைப்புதான் கிடைக்கிறது.

இரண்டாவது, அறிவிப்பை அறிவிப்பு என்று எழுதட்டும். கையெழுத்தானால் ‘கையெழுத்தானது’. ஆலை ஓடினால் ‘ஓடுகிறது’. தெரியாவிட்டால் நம் பாட்டிமார் கொடுத்துவிட்டுப் போன ‘ஆம்’ இருக்கிறது, கூச்சப்படாமல் போடட்டும்.

மூன்றாவது நமக்கு. வீட்டில் பேரனோ மருமகனோ ‘தாத்தா, இங்கே பெரிய கம்பெனி வருது, இப்பவே இடம் வாங்கிப் போட்டுடலாம்’ என்று செல்போனை நீட்டினால், அவசரப்பட வேண்டாம். மூன்றே கேள்வி கேளுங்கள். இதைச் சொன்னது யார், கம்பெனியா, அரசா, மனை விற்கிறவரா? நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்துவிட்டதா? மேலே எங்காவது சின்ன எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருக்கிறதா? பதில் தெரியும் வரைக்கும் இருக்கிற தறியை விற்க வேண்டாம்.

உங்கள் ஊர்ப் பக்கம் அறிவித்து வராமல் போனவை, சத்தமில்லாமல் வந்து நன்றாக நடப்பவை, இரண்டுமே இருக்கும். தேதியோடு நினைவில் இருந்தால் எழுதி அனுப்புங்கள். தன்பதிவேட்டில் எண் போட்டுப் பதிந்து வைக்கிறேன். பழக்கம் விடவில்லை.